துடியலூரில் முதலாளி யார்?

2011இல் துடியலூருக்கு இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று ஊருக்கே தெரியும். பேரூராட்சியாக இருந்த துடியலூர், வெள்ளக்கிணர், சரவணம்பட்டி, வடவள்ளி போன்ற பக்கத்து ஊர்களோடு சேர்ந்து கோவை மாநகராட்சிக்குள் போனது. 72 வார்டுகள் 100 ஆயின. வீட்டு வரி ஏறுமா, தண்ணி ஒழுங்கா வருமா என்று டீக்கடைகளில் மாதக்கணக்கில் பேசினோம்.

இரண்டாவதைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த ஆண்டு ஜனவரி 8 அன்று மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் இனி வருங்கால வைப்பு நிதிச் சட்டத்துக்குள் வரும் என்றது அது. அந்தச் சட்டம் 1952இல் வந்தது. முதலில் அது பொருந்திய ஆறு தொழில்களில் பஞ்சாலையும் ஒன்று. அதாவது, கோயமுத்தூர் மில் முதலாளிக்கு 1952இலேயே சொல்லப்பட்ட கடமை, அதே ஊரின் நகராட்சிக்குச் சொல்லப்பட 59 வருஷம் ஆனது. அப்போதும் பேரூராட்சிகள் அந்த அறிவிப்பில் இல்லை. மாநகராட்சியோடு சேராமல் இருந்திருந்தால் துடியலூர் அன்றைக்கும் வெளியில்தான் நின்றிருக்கும்.

உள்ளாட்சியில் நிரந்தர வேலையில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் தேவைப்படவில்லை. அவருக்கு அரசின் ஓய்வூதியம் இருக்கிறது. 2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம், பின்னால் சேர்ந்தவருக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று வகுத்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள அநியாயத்தைப் பற்றி இருபது வருஷமாகச் சங்கங்கள் போராடுகின்றன. நியாயமான போராட்டம்தான். ஆனால் அது கதவுக்கு உள்ளே இருப்பவர்களின் சண்டை. காலை ஆறு மணிக்குத் தள்ளுவண்டியோடு தெருவுக்கு வருகிறவர் கதவுக்கு வெளியே நிற்கிறார். 2011 அறிவிப்பால் பயன்பட வேண்டியவர் அவர்தான், ஒப்பந்தத் தொழிலாளி.

எங்கள் பக்கத்தில் குடியிருக்கும் ஓர் அக்கா, வேறொரு நகரத்தில் ஒப்பந்தத் தூய்மைப் பணி செய்தார். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். விடியறதுக்கு முன்னாலேயே மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பார். ஒருநாள் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே மூன்று கம்பெனிகளின் அடையாள அட்டைகள்.

"ஏனுங் தம்பி, பதினோரு வருஷம் கூட்டியிருக்கேன். பென்சன் வருமுங்களா?"

"நடுவுல பணம் எடுத்தீங்களாக்கா?"

"கான்ட்ராக்ட் மாறுறப்பெல்லாம், கணக்க முடிச்சு எடுத்துக்கங்கன்னு அவிங்களே ஃபாரம் குடுத்தாங்க. ரெண்டு தடவ கையெழுத்துப் போட்டேனுங்க."

வராது என்று அவரிடம் சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆனது.

சங்கதி இதுதான். முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. 15,000 ரூபாய் சம்பளத்துக்கு மாதம் 1,250 ரூபாய். பத்து வருஷப் பணி இருந்தால்தான் மாதாந்திர ஓய்வூதியம். சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய், பத்து வருஷம் என்றால் மாதம் 2,142 ரூபாய். பெரிய தொகை இல்லை, ஆனால் சாகும்வரை வரும். முதலாளிகள் மாறினாலும் பணிக்காலம் கூடிக்கொண்டே போகும், ஓய்வூதியப் பங்கை எடுக்காத வரைக்கும். எடுத்துவிட்டால் அதுவரைக்குமான வருஷங்கள் அழிந்துவிடும். அக்கா பதினோரு வருஷம் ஒரே தெருக்களைத்தான் கூட்டினார். மாறியது அட்டை மட்டும்தான். ஆனால் காகிதத்தில் அவர் மூன்று முறை புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்.

"ஒப்பந்தக்காரர் ஏமாற்றிவிட்டார், நாங்கள் என்ன செய்ய?" என்பது அதிகாரிகளின் வழக்கமான பதில். இந்தப் பதிலைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். வைப்பு நிதித் திட்டத்தின் 30ஆம் பத்தி தெளிவாகவே சொல்கிறது: ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்பவருக்கும் பங்குத்தொகை கட்டும் பொறுப்பு முதன்மை முதலாளியுடையது. கட்டிவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். சட்டத்தின் கண்ணில் முதலாளி உள்ளாட்சிதான். உள்ளாட்சிக்குத்தான் அது தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருக்கிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ளூர் அமைப்புகள் 1939 முதல் மாநில ஓய்வூதிய அமைப்பில் சேர முடிகிறது. சேர விரும்பும் நகர மன்றம் முதலில் தீர்மானம் போட வேண்டும், ஊழியர்களிடம் ரகசிய வாக்கெடுக்க வேண்டும், பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. ஆனால் "நான்தான் முதலாளி" என்று மன்றம் வாய்திறந்து சொல்லாமல் அந்தக் காரியம் நடக்காது. இங்கே உள்ளாட்சிகள் ஓர் அறிவிப்பால் உள்ளே இழுக்கப்பட்டன. எந்த மன்றமும் தன் வாயால் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2022 அக்டோபரில் வந்த 152ஆம் எண் அரசாணை மாநகராட்சிப் பணிகளை இன்னும் அதிகமாக வெளியாட்களிடம் தள்ளியது. முதலாளி மேலும் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

காசில்லை என்பார்கள். ஒப்பந்தக்காரர் என்ன தன் பாட்டன் சொத்திலிருந்தா பி.எஃப். கட்டுகிறார்? டெண்டரில் விலை சொல்லும்போதே அதையும் சேர்த்துத்தான் சொல்கிறார். அந்தப் பணம் நம் வரியிலிருந்து ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. போய்ச் சேருகிறதா என்று பார்க்கத்தான் ஆளில்லை.

நான் கேட்பது மூன்று. ஒன்று, ஒப்பந்தம் மாறினாலும் தொழிலாளியின் பணிக்காலத்துக்கான பதிவேட்டை உள்ளாட்சியே தன் பெயரில் வைத்திருக்க வேண்டும். இரண்டு, அந்த மாதப் பங்குத்தொகை கட்டிய ரசீது, பெயர் வாரியாக வராமல் ஒப்பந்தக்காரரின் பில் பாஸாகக் கூடாது. மூன்று, யாருக்கு எந்த மாதம் வரைக்கும் கட்டியாயிற்று என்று வார்டு அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை.

வார்டுக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் சாக்கடை, தெருவிளக்கோடு இதையும் கேளுங்கள். நம் வீட்டுக் குப்பையை எடுப்பவருக்கு நாமும் ஒருவகையில் முதலாளிகள்தான். அக்காவின் பதினோரு வருஷத்தைத் திருப்பித் தர முடியாது. இப்போது வண்டி தள்ளுகிறவருக்காவது அந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போடாதீங்க என்று சொல்ல முடியும்.