முதலாளி இல்லாத தொழிலாளர்

2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதி இரவு பிரதம மந்திரி தேசம் முழுவதற்கும் ஊரடங்கை அறிவித்தார். ஐந்து நாட்கள் கழித்து, 29-ந் தேதியன்று, மத்திய சர்க்காரின் உள்நாட்டு இலாகா ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஆலையாயினும் கடையாயினும், மூடிக் கிடக்கும் காலத்திற்கும் தொழிலாளர்க்குரிய கூலியை உரிய தினத்தில், பிடித்தமின்றி, முதலாளிமார் கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வுத்தரவை முதலாளிமாரில் எத்துணைப் பேர் மதித்தனர் என்பதும், வழக்குகள் கிளம்பிய பின் மே மாதம் 18-ந் தேதி முதல் அது கைவிடப்பட்டதும் நேயர்கள் அறிந்த விஷயங்களே. நாம் இன்று கேட்பது வேறொன்று. முதலாளியே இல்லாத தொழிலாளிக்கு அவ்வுத்தரவு என்ன கூறிற்று? ஒன்றுங் கூறவில்லை. அவனுடைய பெயர் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. ஆகவே எந்த நிவாரணப் பட்டியலிலும் இல்லாது போயிற்று.

பழங்கதை எதற்கு என்று சிலர் வினவலாம். சமூகப் பாதுகாப்புக்கென 2020-ம் வருஷத்தில் பார்லிமெண்டு இயற்றிய தொகுப்புச் சட்டம், ஐந்து வருஷம் உறங்கிக் கிடந்து, 2025-ம் வருஷம் நவம்பர் மாதம் 21-ந் தேதிதான் அமுலுக்கு வந்தது. இணையச் சந்தைகளின் வழியே பிழைப்போரையும் தொழிலாளர் என்று பெயரிட்டு அழைத்த முதல் மத்தியச் சட்டம் அதுவே. சட்டம் எழுத்தளவில் நின்றுவிடுமோ, ஏழை வீட்டு அடுப்பு வரை செல்லுமோ என்பது இனிமேல் செய்யப்படும் காரியங்களைப் பொறுத்தது. இத்தருணத்தில் 2020-ம் வருஷத்தை மறப்பது பெருந்தவறாகும்.

யார் இவர்கள்? காட்டுமன்னார்கோயிலைக் காண வருவோர் வீரநாராயணப் பெருமாள் கோயிலைக் காண்பர். முதற் பராந்தக சோழன் காலத்து வீராணம் ஏரியைக் காண்பர். ஏரியின் கீழ்ப் பரந்து கிடக்கும் நெல்வயல்களைக் காண்பர். ஊருக்குள்ளே, ஓட்டு வீட்டின் உள்ளறையில், கம்ப்யூட்டரின் முன் இரவெல்லாம் கண்விழித்திருக்கும் இளைஞனை அவர்கள் காணமாட்டார்கள். அண்ணாமலைச் சர்வகலாசாலை 1929-ம் வருஷத்தில் தோன்றிய நாள் முதல் இப்பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் பட்டம் பெற்று வருகின்றனர். பட்டத்திற்கேற்ற உத்தியோகமோ ஊரில் இல்லை. சென்னைக்குச் சென்று வாடகை கொடுக்க வகையில்லாதவரும், வயதான பெற்றோரை விட்டுப் பிரிய இயலாதவரும், கைக்குழந்தை உள்ள பெண்மக்களும் வீட்டிலிருந்தபடியே வேலை தேடுகின்றனர். மொழிபெயர்ப்பு, பேச்சைக் கேட்டு எழுத்தாக்குதல், கணக்குப் பதிவு, படந்திருத்துதல், கல்யாண ஆல்பம் அமைத்தல், வலைத்தளம் கட்டுதல் ஆகியவை அவர்கள் செய்யும் தொழில்கள். வேலை கொடுப்போன் பெங்களூரில் இருப்பான், லண்டனிலும் இருப்பான். அவன் முகத்தை இவர்கள் கண்டதில்லை.

ஆங்கிலத்தில் இவர்களை ஃப்ரீலான்ஸர் என்பர். ஸ்காட் என்ற ஆசிரியர் ஐவன்ஹோ என்னும் நவீனத்தில், எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாது கூலிக்கு ஈட்டியேந்திய வீரரைக் குறிக்க ஆண்ட சொல் இது. சுதந்திரம் தொனிக்கும் அழகிய சொல்தான். ஆயினும் போர் நின்றவுடன் அவ்வீரனுக்குச் சோறிடுவார் எவருமில்லை என்பதையும் அச்சொல்லே நமக்கு உணர்த்துகின்றது.

கொள்ளைநோய்க் காலத்தில் நடந்ததும் அதுவே. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் உலகெங்கும் ஹோட்டல்கள், யாத்திரைக் கம்பெனிகள், சிறு கடைகள் மூடப்பட்டன. மூடுவோர் முதலில் நிறுத்துவது வெளியாளுக்குக் கொடுக்கும் வேலையையே. கல்யாணங்கள் தள்ளிப்போயின, ஆல்பம் அமைப்பவனுக்கும் பத்திரிகை வடிவமைப்பவனுக்கும் கை ஒடிந்தாற் போலாயிற்று. முடித்துக்கொடுத்த வேலைக்குரிய பணமும் வரவில்லை. கடிதம் எழுதினால் பதிலும் வரவில்லை. அதே சமயத்தில் உத்தியோகமிழந்தோர் அனைவரும் இச்சந்தைக்கே ஓடிவந்தனர். ஒரு வேலைக்குப் பத்துப் பேர் நின்ற இடத்தில் ஐம்பது பேர் நின்றால் விலை என்னவாகும் என்பதை நெல் விற்கும் குடியானவனைக் கேட்டாலே சொல்லிவிடுவான். கம்ப்யூட்டர் நிரல் எழுதுவோர் சிலருக்குப் பின்னர் வேலை பெருகிற்று என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எழுத்து வேலையும் படவேலையும் செய்து மாதம் பத்தாயிரம், பதினையாயிரம் தேடியவர்களுக்கு அந்த வளம் எட்டவில்லை. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டமையால், வீட்டிலிருந்த ஒரே செல்போனுக்குத் தகப்பனின் வேலையும் பிள்ளையின் பாடமும் போட்டியிட்டதைக் கண்கூடாகக் கண்டோம்.

2020 மே மாத முதல் வாரத்தில் கோயம்பேட்டுச் சந்தையிலிருந்து திரும்பிய கூலித் தொழிலாளரிடையே நோய் கண்டு, நமது கடலூர் ஜில்லா நடுங்கிற்று. அவர்களைத் தேடிப் பரிசோதித்தனர். தனியே வைத்துப் பராமரித்தனர். அவர்கள் பட்ட துயரம் ஊரறிந்தது. உள்ளறையில் வேலையின்றி அமர்ந்திருந்தவனின் துயரத்தை அடுத்த வீட்டாரும் அறியவில்லை. "வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவனுக்கு ஊரடங்கால் என்ன நஷ்டம்?" என்று கேட்டவரும் உண்டு.

இந்த இருளில் திருடரும் புகுந்தனர். "வீட்டிலிருந்தே தட்டெழுதலாம், மாதம் இருபதினாயிரம்" என்று விளம்பரஞ் செய்து, முன்பணம் பெற்று, செய்யவொண்ணாத வேலையைக் கொடுத்து, பிழையென்று தள்ளி, "ஒப்பந்தத்தை மீறினாய், நஷ்டஈடு கொடு, இல்லையேல் கோர்ட்டுக்கு வா" என்று வக்கீல் நோட்டீசு போன்றதொரு காகிதத்தை அனுப்புவது இக்கூட்டத்தாரின் வழக்கம். சட்டமறிந்தவர் என்ற முறையில் நாம் சொல்வோம்: மோசடியால் பெற்ற ஒப்பந்தத்தைக் கட்டாது என்று தள்ளுவதற்கு ஏமாற்றப்பட்டவனுக்கு உரிமை உண்டு; வேலை கொடுக்கிறவன் முன்பணம் கேட்பதே மோசடிக்கு அறிகுறி. அஞ்சிப் பணம் கட்டாமல் 1930 என்ற எண்ணுக்குப் போனில் புகார் செய்க.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லையென்று கூறுதல் நியாயமாகாது. மாகாண சர்க்கார் 2020 ஏப்ரலில் அரிசிக் கார்டுக்கு ஆயிரம் ரூபாயும், 2021-ம் வருஷத்தில் இரு தவணையாக நாலாயிரம் ரூபாயும் கொடுத்தது. பசித்த வீடுகளுக்கு அது உதவிற்று. ஆனால் தொழில் நொடித்ததற்கென்று இவர்களுக்குக் கிடைத்தது யாது? சிறுதொழில்களுக்கு ஈடில்லாக் கடன் என்று மத்திய சர்க்கார் பறையறைந்தது. ஏற்கெனவே பாங்கில் கடன்பட்டிருந்தோர்க்கே அக்கடன் கிடைத்தது. சுயேச்சைத் தொழிலாளரின் கட்டணத்தில் நூற்றுக்குப் பத்து வீதம் முன்கூட்டி வரி பிடிப்பது வழக்கம். 2020 மே 14 முதல் 2021 மார்ச்சு 31 வரை அது ஏழரையாகக் குறைக்கப்பட்டது. அவனுடைய பணத்தையே சிறிது குறைத்துப் பிடித்தமைக்கு நிவாரணம் என்று பெயர்! வேலையே இல்லாதவனுக்கு அதுவும் பயனில்லை.

"எவர் சுயேச்சையாகத் தொழில் செய்கிறார் என்று சர்க்கார் எப்படி அறியும்?" என்பது அதிகாரிகளின் வாதம். வரி பிடிக்கும்போது அறிந்த பெயரை, உதவி செய்யும்போது அறியாதிருப்பது வியப்பே. பிரிட்டிஷ் சர்க்கார் 2020 மார்ச்சு 26-ந் தேதி, வரிக் கணக்குகளையே ஆதாரமாகக் கொண்டு, சுயதொழிலாளரின் சராசரி லாபத்தில் நூற்றுக்கு எண்பது பங்கை, மாதத்திற்கு 2,500 பவுனுக்கு மேற்படாமல், மூன்று மாதங்களுக்கு அளிப்பதாக அறிவித்தது. மறுநாள் அமெரிக்காவில் நிறைவேறிய சட்டம், அதுவரை வேலையின்மை உதவிக்கு உரியரல்லாத சுயதொழிலாளரையும் அதில் சேர்த்தது. அவற்றிலும் குறைகள் உண்டு. புதிதாகத் தொழில் தொடங்கியோரைப் பிரிட்டிஷ் திட்டம் கைவிட்டது. அவர்களைப் போலச் செலவிடும் பொக்கிஷம் நமக்கில்லை என்பதும் மெய்யே. ஆயினும் கணக்கிருந்தால் ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்பது நிலைநாட்டப்பட்டு விட்டது.

வெளிநாடு போகவும் வேண்டாம். நமது நாட்டிலேயே, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்ணையும் 1966-ம் வருஷத்துப் பீடித் தொழிலாளர் சட்டம் தொழிலாளி என்றே கொண்டது. பீடிக் கம்பெனிகள் அதனை எதிர்த்து வழக்காடின. 1974-ம் வருஷத்தில் ஸுப்ரீம் கோர்ட்டார் சட்டத்தை நிலைநிறுத்தினர். பின்னர் 1976-ம் வருஷத்தில் பீடியின்மேல் சிறு வரி விதித்து, அத்தொழிலாளரின் க்ஷேமத்திற்கென நிதி ஏற்படுத்தினர். ஆகவே, ஆலைக்கு வராமல் வீட்டிலிருந்து துண்டுக்கூலிக்கு உழைப்பவர் சட்டத்திற்குப் புறம்பானவர் என்ற வாதம் நமது தேசத்தில் அரை நூற்றாண்டுக்கு முன்பே தோற்றுப் போயிற்று. பீடி இலைக்குப் பதில் கம்ப்யூட்டர் வந்தால் நியாயம் மாறிவிடுமா?

தமிழ்நாட்டில் இணையவழித் தொழிலாளர்க்கென 2023-ம் வருஷத்தில் நலவாரியம் அமைத்தது பாராட்டத் தக்கது. 2025 மார்ச்சு வரவு செலவுத் திட்டத்தில் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் வீதம் மானியம் என்றும் அறிவித்தனர். வெயிலிலும் மழையிலும் உணவு சுமந்தோடும் சகோதரருக்கு அது தகும். ஆனால் அறைக்குள் அமர்ந்து உழைப்போன் ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? புதிய மத்தியச் சட்டத்தின் அட்டவணையிலோ, தொழில்முறைச் சேவைகளைத் தரும் சந்தைகளும் கூறப்பட்டுள்ளன. அச்சந்தைகள் தங்கள் வருஷ வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை நிதிக்குச் செலுத்த வேண்டும் என்பதும் சட்டத்திலேயே உள்ளது.

"அயல்நாட்டுச் சந்தைகளிடம் எப்படி வசூலிப்பது?" என்று அடுத்த தடை கூறுவர். 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, அதாவது நமது இளைஞர் வேலையிழந்து தவித்த அதே மாதத்திலிருந்து, மத்திய சர்க்கார் அயல்நாட்டு மின்வணிகக் கம்பெனிகளிடம் நூற்றுக்கிரண்டு வீதம் வரி வாங்கிற்று. 2024 ஆகஸ்டு முதல் தேதிதான் அதனை நீக்கிற்று. பொக்கிஷத்திற்காக வசூலிக்க முடிந்தது தொழிலாளிக்காக மட்டும் முடியாது என்பதை நாம் ஒப்புக்கொள்ளோம்.

இதில் தேசத்தின் கௌரவமும் அடங்கியிருக்கிறது. 1906-ம் வருஷத்தில் தேசபக்தர் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தபோது, சரக்கு நம்முடையது, கப்பல் மட்டும் அந்நியனுடையதாயிருப்பானேன் என்ற எண்ணமே அவரைத் தூண்டியது. இன்று உழைப்பு நம்முடையது, சந்தை அந்நியனுடையது. சந்தைக்காரன் சில இடங்களில் கூலியில் ஐந்திலொரு பங்கை எடுத்துக்கொள்கிறான். இத்தகைய இணைய வேலை செய்வோரில் பாதிப்பேர் மணிக்கு 2.1 டாலருக்குக் குறைவாகவே ஈட்டுகின்றனர் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2021-ம் வருஷத்து அறிக்கையில் கூறியுள்ளது. வீராணத்து நீர் 2004-ம் வருஷம் முதல் குழாய் வழியே சென்னைக்குச் செல்கின்றது. எவ்வளவு செல்கின்றது என்பதற்கு அளவுண்டு, ஏரியில் எவ்வளவு நிற்க வேண்டும் என்பதற்கும் கணக்குண்டு. நமது பிள்ளைகளின் உழைப்பு கம்பி வழியே கடல் கடந்து செல்வதற்கோ அளவுமில்லை, காவலுமில்லை.

சர்க்கார் செய்ய வேண்டியவை மூன்று. நலவாரியத்தின் பதிவேட்டில் எழுத்து, படம், மொழிபெயர்ப்பு முதலிய தொழில் செய்வோரைத் தனி வகுப்பாகச் சேர்க்க வேண்டும். அயல்நாட்டுச் சந்தைகள் உள்பட அனைத்திடமும் நிதி வசூலித்து, கொள்ளைநோய், வெள்ளம் போன்ற காலங்களில் பதிவு செய்தோர்க்கு மூன்று மாத உதவி கிடைக்க வழி செய்ய வேண்டும். வேலை செய்து முடித்த பின் கூலி தராதவனைத் தாலூகா அளவிலேயே தட்டிக்கேட்க ஏற்பாடு வேண்டும். நியூயார்க் நகரத்தில் 2017-ம் வருஷம் முதல் இதற்கெனத் தனிச்சட்டம் உண்டு.

இளைஞர்க்கும் ஒரு வார்த்தை. சட்டம் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உத்யம் என்ற பதிவேட்டில் கட்டணமின்றிச் சிறுதொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவுக்குப்பின் செய்த வேலைக்கு உள்நாட்டு வாடிக்கைக்காரன் 45 நாளுக்குள் பணந்தராவிடில், 2006-ம் வருஷத்துச் சட்டப்படி வட்டியுடன் கேட்க அது உதவும். வாய்ச்சொல்லை நம்பி வேலை தொடங்காதீர்கள். இரண்டு வரியாயினும் எழுத்தில் வாங்குங்கள். ஒரே வாடிக்கைக்காரனை நம்பி வாழாதீர்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒன்று சேருங்கள். 1904-ம் வருஷத்தில் திருவல்லிக்கேணியில் சாமானிய உத்தியோகஸ்தர்கள் கூடி ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை கண்டார்கள். சிதம்பரத்திலும் காட்டுமன்னார்கோயிலிலும் இத்தொழில் செய்வோர் இருபது பேர் கூடி, மாதம் நூறு ரூபாய் பொதுநிதியில் இட்டு, இன்ன விலைக்குக் கீழே வேலை ஏற்பதில்லையென்று உறுதி செய்துகொண்டால், அடுத்த பஞ்சத்தில் எவனும் தனியே தவிக்கமாட்டான்.

தேசத் தொண்டர்களே! ஆலை வாயிலில் கொடியேற்றத் தெரிந்த நீங்கள், ஆலையே இல்லாத இத்தொழிலாளரைத் தேடி வீடுதோறும் செல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. முதலில் உங்கள் தெருவில் இத்தகையோர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எண்ணப்படாதவனுக்கு எந்தச் சட்டமும் உதவாது என்பதே 2020-ம் வருஷம் நமக்குப் புகட்டிய பாடம்.