குலுக்கலில் எல்லாச் சீட்டும் ஒன்றுதான்



கால்பந்துச் சிறப்பிதழ் என்று முடிவானதுமே ஆசிரியர் குழுவில் ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். பெலே, மாரடோனா, மெஸ்ஸி எல்லோரும் உள்பக்கங்களில் இருக்கிறார்கள். இந்த ஒரு பக்கத்தை மட்டும், கோப்பை வாங்காத ஓர் அணிக்காக நான் பிடித்துவைத்துக்கொண்டேன்.

ஆங்கிலக் கால்வாயின் கரையில் இருக்கும் பிரெஞ்சுத் துறைமுக நகரம் காலே. இங்கிலாந்துக்குப் படகு ஏறுகிறவர்கள் கடந்துபோகும் ஊர். அந்த ஊர் கிளப் 1999-2000 சீசனில் நான்காவது டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்களில் பள்ளி ஆசிரியர் உண்டு, துறைமுகத் தொழிலாளி உண்டு, கடை வைத்திருந்தவர் உண்டு, அலுவலக எழுத்தர் உண்டு. வேலை முடிந்த பிறகுதான் பயிற்சி. பயிற்சியாளர் லாதிஸ்லாஸ் லோசானோ. இப்படிப்பட்ட அணி, பிரான்சின் தேசியக் கோப்பை இறுதிப்போட்டி வரை போய்விட்டது.

இது அவர்களால் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். அவர்கள் திறமை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் போட்டியின் விதிகளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சுக் கோப்பை தொடங்கியது 1917-18இல். முதல் உலகப்போர் இன்னும் ஓயாத நேரம். 1915இல் போர்முனையில் உயிரிழந்த சார்ல் சிமோன் என்ற விளையாட்டு நிர்வாகியின் பெயரில்தான் கோப்பை வழங்கப்பட்டது. கோடீசுவரக் கிளப்பும் குக்கிராமக் கிளப்பும் ஒரே போட்டியில் பெயர் கொடுக்கலாம். இன்றைக்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் இதில் இறங்குகின்றன. கடல் கடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்கும் இடமுண்டு. கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் ஏராளமாக வாழும் ரீயூனியன் தீவிலிருந்தும் அணிகள் வரும். அந்தத் தீவின் சேன்பியர் நகர அணி 2020 ஜனவரியில், இரண்டாம் டிவிஷனில் இருந்த நியோர் அணியை 2-1 என்று தோற்கடித்தது.

எல்லோரும் முதல் சுற்றிலிருந்தே ஆடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சின்ன அணிகள் வட்டாரச் சுற்றுகளில் மோதித் தேறி வரும். பெரியவர்கள் பிறகுதான் வந்து சேர்வார்கள். ஆனால் குலுக்கலில் ஒரு முறை எதிரெதிரே வந்துவிட்டால் இன்னொரு விதி குறுக்கே நிற்கும். இரண்டு டிவிஷனோ அதற்கும் அதிகமாகவோ கீழே இருக்கும் அணியோடு பெரிய அணி மோதினால், ஆட்டம் அந்தச் சின்ன அணியின் ஊரில்தான். பெரிய கிளப் பஸ் ஏறி வந்து, சின்ன ஊரின் மேடுபள்ள மைதானத்தில், அந்த ஊர்க்காரர்களின் கூச்சலுக்கு நடுவே ஆடித்தான் ஜெயிக்க வேண்டும்.

லீக் ஆட்டம் வேறு மாதிரி. ஆண்டு முழுக்க ஆடினால், பணமும் ஆள்பலமும் உள்ள அணி கடைசியில் மேலே வந்துவிடும். நியாயமும் அதுதான். கோப்பைப் போட்டியின் நாக்-அவுட்டில் தோற்றவன் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும். மறுவாரம் சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. அந்தத் தொண்ணூறு நிமிடம் பெரியவனுக்கும் பயம்.

காலே அந்தப் பயத்தை ஒவ்வொரு சுற்றாக எல்லோருக்கும் காட்டியது. அந்த ஆண்டு இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பிடித்து மேலே ஏறிய லீல் அணியைப் பெனால்டி ஷூட்-அவுட்டில் வீழ்த்தியது. கான் அணியும் பெனால்டியில் விழுந்தது. காலிறுதியில் முதல் டிவிஷன் ஸ்ட்ராஸ்பூர்க்கை 2-1 என்று வென்றது. அரையிறுதியில் எதிரே வந்தது போர்தோ, முந்தைய ஆண்டின் லீக் சாம்பியன். கூடுதல் நேரம் வரை இழுத்த ஆட்டத்தில் காலே 3-1 என்று ஜெயித்தது. இந்தக் கட்டத்தில் சொந்த மைதானம் போதாமல் லான்ஸ் நகரத்து ஸ்டேடியத்தில்தான் ஆடினார்கள்.

2000 மே 7. பாரிசை ஒட்டிய ஸ்டாட் த பிரான்ஸ் மைதானம். ஏறத்தாழ 80,000 இருக்கைகள். காலே நகரத்தின் மொத்த மக்களையும் உட்காரவைத்துவிடலாம். எதிரணி நான்த், கோப்பையின் நடப்புச் சாம்பியன். 34ஆவது நிமிடத்தில் ஜெரோம் துதித்ர் கோல் அடிக்க, இடைவேளையில் காலே 1-0 என்று முன்னிலை! திரும்பி வந்ததும் நான்த்தின் சிபியெர்ஸ்கி சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் நான்த்துக்கு ஒரு பெனால்டி. கொடுத்தது சரியா என்று அன்றைக்கே சர்ச்சை எழுந்தது. அதையும் சிபியெர்ஸ்கியே அடித்தார். 2-1. காலே தோற்றது.

கோப்பை வாங்க மேலே போனபோது நான்த் கேப்டன் மிக்கேல் லான்ட்ரோ தனியாகப் போகவில்லை. இருபது வயதுக் கோல்கீப்பர் அவர். காலே கேப்டன் ரெஜினால்ட் பெக்கைக் கையோடு அழைத்துப் போனார். ஜனாதிபதி ஜாக் சிராக் முன்னால், வென்றவரும் தோற்றவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். 2018இல் மூன்றாம் டிவிஷன் அணியான லேஸெர்பியே இறுதிப்போட்டியில் பாரிஸ் சேன் ஜெர்மனிடம் தோற்றபோது, வென்ற அணியின் கேப்டன் தியாகோ சில்வா அதையே செய்தார். இப்படிச் செய்யும்படி எந்த விதியும் சொல்லவில்லை. எதிரில் நின்றவனைச் சமமாக நினைத்தவனுக்கு அது தானாக வரும்.

இதற்குப் பிறகு காலே செழித்தது என்று எழுதத்தான் ஆசை. நடந்தது அதுவல்ல. அந்த ஆட்டங்களின் நினைவாகவே பெயர் வைத்து 2008இல் புதிய ஸ்டேடியம் திறந்தார்கள். கிளப்போ கடனில் மூழ்கி 2017இல் கலைக்கப்பட்டது. அந்த இறுதிப்போட்டிக்கு அடுத்த ஆண்டே லீக் சாம்பியன் ஆனது நான்த். கோப்பைப் போட்டி யாருடைய நிரந்தர நிலைமையையும் மாற்றுவதில்லை. மாற்றும் என்று நம்பிச் செலவு செய்தால் கையைச் சுடும். அது தருவது ஒன்றே ஒன்று: வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்காமல் உள்ளே விடும் உரிமை. உள்ளே வந்த பிறகு ஜெயிப்பது அவரவர் பாடு.

பத்திரிகை நடத்துகிறவனுக்கு இது சுயநலத்தோடு பிடித்த விஷயம். எங்கள் மேசைக்கு வரும் கதை, கட்டுரைகளில் பேர்பெற்றவர்களுடையதும் முதன்முதலாக எழுதுகிறவர்களுடையதும் ஒரே கட்டில்தான் இருக்கும். படித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம். திருப்பி அனுப்புவதும் உண்டு, அதற்காக என்னைக் கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் பெயரைப் பார்த்து எதையும் ஒதுக்குவதில்லை. இந்த இதழில் முதல்முறையாக அச்சேறும் சில பெயர்களையும் பார்ப்பீர்கள்.

அடுத்த இதழுக்கு நீங்களும் எழுதுங்கள். பக்க அளவைப் பற்றிக் கவலை வேண்டாம், வெட்டுவது எங்கள் வேலை.

அன்புடன்,
ஆசிரியர்