நிலம் என்ற சொல்லும் நீரின் இடமும்

மட்டாஞ்சேரியில் வாழ்ந்துகொண்டு மொழிபெயர்ப்புப் பணி செய்யும் எனக்கு ‘நிலம்’ என்ற சொல் எப்போதும் இடறலாகவே இருக்கிறது. தமிழில் எல்லாத் தரையும் நிலமே. கேரள வருவாய்ப் பதிவேட்டிலோ, நீர் தங்கும் நெல்வயல் மட்டுமே நிலம். வீடு எழுப்பத் தக்க மேட்டுப்பகுதி ‘புரயிடம்’. முன்னதைப் பின்னதாக மாற்றினால் அதன் சந்தை விலை பன்மடங்காகிறது. ஈரநிலப் பிரச்சினை வர்க்கப் பிரச்சினையாவது இங்குதான்.

கொச்சிக்குத் தெற்கே செல்லானத்திலும் வடக்கே கடமக்குடியிலும் பொக்காளி வயல்கள் உள்ளன. மழை உப்பைக் கழுவியதும் நெல் விளையும். அறுவடைக்குப் பின் காயல் நீருடன் இறால் வந்து வளரும். ‘ஒரு நெல், ஒரு மீன்’ என்பதே இதன் நெறி. ஆண்டு முழுதும் இறால் மட்டுமே போதும் என்று குத்தகைதாரர் கருதும்போது, விதைப்பும் அறுப்பும் செய்து வந்த விவசாயத் தொழிலாளியின் வேலை மறைகிறது. வேம்பநாடு–கோல் ஈரநிலம் 2002இல் ராம்சர் தகுதி பெற்றதால் மட்டும் அவருக்குக் கூலி கிடைத்துவிடாது.

வயல்களை மாற்றுவதற்கு எதிராகக் குட்டநாட்டில் 1997இல் விவசாயத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தை முதலாளித்துவ ஊடகங்கள் பயிரழிப்பு என்று மட்டுமே சித்திரித்தன. 2008இல் இடது ஜனநாயக முன்னணி அரசு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதே முன்னணியின் ஆட்சியில் வந்த 2018 திருத்தமோ, தரவு வங்கியில் இடம்பெறாத வயல்கள் கட்டணத்தின் பேரில் மனையாக வழிவிட்டது. சில சென்ட் இடத்தில் வீடு கட்டக் காத்திருந்த ஏழைகளின் கோரிக்கை நியாயமானதே. ஆயினும் அதே வாசல் வழியே பெருமுதலாளியும் நுழைய முடியும் என்பதை நாம் சுயவிமர்சனத்துடன் ஏற்க வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டு பெருவெள்ளத்துக்கு அத்திருத்தம் காரணமன்று. நீருக்கு இடம் ஏன் தேவை என்பதை அவ்வெள்ளம் உணர்த்தியது.

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இது அயல் செய்தியன்று. தென்சென்னை ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்றாக நிரம்பிப் பள்ளிக்கரணையில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியே கோவளம் முகத்துவாரத்தை அடைகின்றன. அச்சங்கிலியின் நடுவே குப்பைக்கிடங்கும் தகவல்தொழில்நுட்ப வளாகங்களும் எழுந்தன. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது சுமார் 1,247 ஹெக்டேர் மட்டுமே. 2015 டிசம்பரில் தாழ்விடங்களின் குடிசைகளும் சிறு வீடுகளும் மூழ்கின. முன்னோர் ‘கழுவெளி’ எனப் பெயரிட்டு அறிந்திருந்ததை, வரி தராத காரணத்தால் காலனிய நிர்வாகம் ‘தரிசு’ என்று எழுதியது. விடுதலைக்குப் பின்னும் நம் அலுவலகங்கள் அதையே நகலெடுத்தன.

ஏழையின் குடிசையை முதலில் அகற்றிவிட்டு, வளாகத்தை வரன்முறைப்படுத்துவதன் பெயர் நீர்நிலை மீட்பு அன்று. அகற்றப்படுவோருக்கு அதே பகுதியில் மாற்று வீடு, பெருநிறுவன ஆக்கிரமிப்பின் மீது முதல் நடவடிக்கை, ஈரநிலப் பதிவேட்டைக் கிராம சபையில் வைத்து விவசாயத் தொழிலாளரும் மீனவரும் சரிபார்த்தல்: இம்மூன்று கோரிக்கைகளையும் நம் கிளைகள் முன்னெடுக்க வேண்டும். பதிவேட்டில் எச்சொல் இருக்க வேண்டும் என்பதை அந்நீரால் வாழ்வோரே தீர்மானிக்கட்டும்.