உரிமையாளர் இல்லாத கடலில் ஒருசிலரின் காப்புரிமை

சர்வதேசக் கடலின் மரபணு வளத்துக்குப் பங்கு கேட்டால் ஆராய்ச்சியே முடங்கிவிடும், தேடிப் போனவருக்கே பலன் என்கிறார்கள். தேடிப் போனவர் யார்? காப்புரிமைகளில் இடம்பெற்ற சுமார் 13,000 கடலுயிர் மரபணு வரிசைகளை 2018-இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழின் ஆய்வு ஒன்று அலசியது. அவற்றில் 47 விழுக்காட்டைப் பதிந்திருந்தது பி.ஏ.எஸ்.எஃப். என்ற ஒற்றை ஜெர்மன் நிறுவனம். கரையோர உயிர்களும் இக்கணக்கில் உண்டுதான். ஆனால் கரையிலேயே முந்த முடியாத நாடுகளா, ஆய்வுக் கப்பலும் இல்லாமல் ஆழ்கடலில் முந்தப் போகின்றன?

தமிழகக் கடற்பாசியை ஏற்றுமதி செய்த பெப்சிகோவிடம் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையம் பங்குத்தொகை வாங்கியது. அதற்கு வழிசெய்த இந்தியப் பல்லுயிர்ச் சட்டம் 200 கடல் மைலுக்கு அப்பால் செல்லாது. அந்த வெற்றிடத்துக்குத்தான் 2023-இல் ஐ.நா. ஒப்பந்தம் வந்தது, 2024-இல் இந்தியாவும் கையெழுத்திட்டது. அது முன் அனுமதி கேட்கவில்லை. சேகரிப்பதை முன்கூட்டி அறிவித்தால் போதும். முதற்கட்ட நிதியைத் தருவதும் வளர்ந்த நாடுகளின் அரசுகளே, ஆய்வுக்கூடங்கள் அல்ல. ஹைதராபாத் அருகே இருக்கும் ஜீனோம் வேலி உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு இது சுமையாகாதா என்ற கேள்வி நியாயமானது. ஏனெனில் பின்னர் விற்பனையில் பங்கு கேட்கவும் ஒப்பந்தம் இடம் வைத்திருக்கிறது. அதன் முறையை உறுப்பு நாடுகளின் மாநாடுதான் முடிவு செய்யும். சலுகை வேண்டுமென்றால் அங்கே போய் வாதாடலாம், பங்கே கூடாது என்பதற்கு அது காரணமாகாது.