தராசு யார் கையில்?

உக்கடம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு டீக்கடையில் போன வாரம் வாக்குவாதம். கல்லூரியில் என்னோடு படித்தவர், இப்போது ஒரு பவுண்டரியில் கணக்கு எழுதுகிறார். "ஏனுங்க, எப்பப் பாத்தாலும் உரிமை, போராட்டம்னே பேசிட்டு இருக்கறீங்க. மொதல்ல நாடு பணக்கார நாடாகட்டுங்க. மத்ததெல்லாம் தானா வரும். சீனாவப் பாருங்க" என்றார். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இது அவர் ஒருவருடைய பேச்சு அல்ல. பத்திரிகை, தொலைக்காட்சி, கல்லூரி வகுப்பறை எல்லாம் இதைத்தான் ஓதுகின்றன. ஒரு தட்டில் நாட்டின் பொருளாதார பலம், இன்னொரு தட்டில் சனங்களின் குறையும் உரிமையும். பலம் கனத்தால் போதுமாம், மற்றதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம்.

தோழர்களே, தராசு பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்கம்மா ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி, அருந்ததியர் வளவில் பிறந்தவள். குப்பையில் கிடக்கிற இரும்பு, தகரத்தைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக் கடையில் போடுவாள். அந்தக் காசில்தான் எனக்கு நோட்டுப் புத்தகம். ஒரு நாள் கடைக்காரன் எட்டுக் கிலோ என்றான். தூக்கிச் சுமந்தவளுக்குத் தெரியாதா? "தட்டத் தூக்கிக் காட்டுங்க சாமி"ன்னா. "நம்பிக்கை இல்லீன்னா வேற கடைக்குப் போ"ன்னு அவன் எகிறினான். அம்மா நகரல. கூட்டம் கூடிப்போச்சு. எடைக்கல் வைக்கிற தட்டுக்கு அடியில காந்தம் ஒட்டியிருந்துச்சு. திருப்பி நிறுத்தா பத்துக் கிலோ.

கேள்வி கேட்கிற உரிமை வேறு, சோறு வேறு என்று சொல்கிறவர்கள் அந்த இரண்டு கிலோவுக்குப் பதில் சொல்ல வேண்டும். தட்டைத் தூக்கிக் காட்டு என்று கேட்க முடிந்தவளுக்குத்தான் எடை சரியாக வருகிறது.

இப்போது நாட்டின் தட்டைத் தூக்கிப் பார்ப்போம். 2022-ல் பிரிட்டனைத் தாண்டி உலகின் 5-ஆவது பொருளாதாரம் ஆனோம் என்றார்கள். 2025 மே மாதம் ஜப்பானையும் தாண்டி 4-ஆவது இடம் என்று நிதி ஆயோக் தலைமை அதிகாரி அறிவித்தார். ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் அந்த ஆண்டுக் கணக்கில் ஜப்பானியனுக்கு 30,000 டாலருக்கு மேல், நமக்கு 3,000 கூட இல்லை. 80 கோடிப் பேருக்கு இலவச தானியம் கொடுத்தால்தான் அடுப்பு எரியும் என்று இதே அரசுதான் 2024 ஜனவரியிலிருந்து இன்னும் 5 ஆண்டுக்கு அந்தத் திட்டத்தை நீட்டித்தது.

எங்கள் தலைக்கு மேலே போகிற மேம்பாலத்தை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். 480 கோடிக்கு மேல் செலவு. அதற்காக இடிபட்டவற்றில் துப்புரவுத் தொழிலாளர்கள் குடியிருந்த சி.எம்.சி. காலனி வீடுகளும் உண்டு. ஊர் கண்ணுக்குப் பாலம் தெரிகிறது, இடிந்த வீடு தெரிவதில்லை.

மனிதன் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். சாவு நிற்கவில்லை. சாக்கடைக் குழியில் செத்தால் 10 லட்சம் என்றது 2014-ல் உச்ச நீதிமன்றம். 2023-ல் அதை 30 லட்சம் ஆக்கியது. எங்கள் பிணத்தின் விலை மூன்று மடங்கு ஏறியிருக்கிறது. இதையும் வளர்ச்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2024-25-ல் 11.19 சதவீத வளர்ச்சி என்று 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் கொண்டாடினார்கள். அதே ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் துப்புரவுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தனியார்மயம் வேண்டாம், வேலையை நிரந்தரமாக்கு என்று 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். 13-ஆம் தேதி ராத்திரி, நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீசு அவர்களை இழுத்து வண்டியில் ஏற்றியது. சுதந்திர தினத்துக்கு இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. மறுநாள் அரசு அறிவித்த சலுகைகளில் ஒன்று, தொழிலாளர்களுக்கு இலவசக் காலை உணவு. அவங்க கேட்டது வேலை, கொடுத்தது இட்லி.

இதை ஏதோ ஒரு கட்சியின் குற்றமாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஆட்சி மாறும், அடி மாறாது. மேட்டுப்பாளையம் நடூரில் அந்தப் பெரிய சுவர் ஆபத்து என்று நம்ம சனம் முன்பே முறையிட்டிருந்தது. யாரும் காது கொடுக்கவில்லை. 2019 டிசம்பர் 2 விடியற்காலை மழையில் சுவர் சரிந்து 17 பேர் செத்தார்கள். நியாயம் கேட்டுக் கூடியவர்களுக்குத் தடியடி, சிறை. கேட்டபோது கேட்டிருந்தால் 17 உயிர் மிஞ்சியிருக்கும். பேச்சுரிமை படித்தவனின் சொகுசு என்கிறவர்கள் நடூருக்குப் போய் அதைச் சொல்லட்டும்.

கொங்கு நாட்டு நூலின் பெருமை பேசுகிறோம். 'சுமங்கலித் திட்டம்' என்று பேர் வைத்து, மூன்று வருசம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டி, ஏழைப் பெண்பிள்ளைகளை விடுதியில் பூட்டி வேலை வாங்கிய மில்களும் இங்கேதான் இருந்தன. அந்த விடுதிச் சுவரையும் சேர்த்துத்தான் ஏற்றுமதிக் கணக்கு ஏறியது. வளர்ந்த பிறகு உரிமை தானாக வரும் என்கிறார்கள். உரிமையைப் பிடுங்கித்தானே அந்த வளர்ச்சி வந்தது?

நான் வளர்ச்சிக்கு எதிரி இல்லை. பசி என்றால் என்னவென்று தெரிந்தவன் ரேசன் அரிசியை, உதவித்தொகையை, ரோட்டைக் கேவலமாகப் பேசமாட்டான். அவற்றால்தான் நான் இதை எழுதுகிறேன். ஆனால் அதில் எதுவும் பணம் பெருகித் தானாக வழிந்து வந்ததில்லை. கேட்டுக் கேட்டு, அடிபட்டு வாங்கியது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்ததும் இதுதான்: அரசியலில் சமத்துவமும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வுமாக நாம் முரண்பாட்டுக்குள் நுழைகிறோம், சீக்கிரம் தீர்க்காவிட்டால் பாதிக்கப்பட்டவர்களே இந்த ஜனநாயகக் கட்டடத்தைத் தகர்ப்பார்கள் என்றார். உரிமையைப் பிறகு பார்க்கலாம் என்று அவர் சொல்லவில்லை.

நண்பரே, அடுத்த தடவை நாட்டின் எடை இவ்வளவு என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். எங்கம்மா கேட்டதைத்தான் கேட்பேன், 'சாமி'யை மட்டும் விட்டுவிட்டு: தட்டத் தூக்கிக் காட்டுங்க.