பக்கத்தில் இருப்பதும் ஒரே மாதிரி இருப்பதும் ஒன்றல்ல

வேர்ட் கோப்புகளை இணையப் பக்கமாக மாற்றும் வேலையை எங்களில் நிறையப் பேர் செய்கிறோம். சஞ்சிகை, நினைவு மலர், கவிதைத் தொகுப்பு எண்டு எது வந்தாலும் வழி ஒண்டுதான்: உள்ளே இருக்கிற எக்ஸ்எம்எல்லை எடு, எக்ஸ்எஸ்எல்ரி ஒண்டை ஓட விடு, எச்ரிஎம்எல் வரும். வரும்தான். வந்ததை ஆர் வாசித்துப் பார்க்கிறது?

வேர்ட் கோப்புக்குள் பட்டியலைச் சுற்றி ஓர் உறை கிடையாது. ஒவ்வொரு உருப்படியும் தனிப் பந்தி. அது எந்தப் பட்டியலைச் சேர்ந்தது எண்ட இலக்கம் மட்டும் உள்ளே கிடக்கும். கவிதையும் அப்பிடித்தான்: வரிக்கொரு பந்தி, எல்லாவற்றிலும் ஒரே ஸ்டைல் பெயர். எச்ரிஎம்எல்லில் இவற்றுக்கு உறை வேண்டும். அது எங்கே தொடங்கி எங்கே முடியும் எண்டு தீர்மானிப்பதுதான் வேலையே.

இதைத்தான் அலட்சியமாகச் செய்கிறோம். சிலர் உறையே போடுவதில்லை, உருப்படிக்கு ஒரு பட்டியல். இலக்கமிட்ட பட்டியல் என்றால் 1, 1, 1 எண்டு வரும். திரைவாசிப்பானில் கேட்பவருக்கு ஐந்து உருப்படியுள்ள ஒரு பட்டியல் கிடைக்காது, ஒற்றை உருப்படியோடு ஐந்து பட்டியல்தான் கிடைக்கும். 'பார்க்க வடிவாத்தானே இருக்கு' எண்டு சொல்பவர்கள் கண்ணால் வாசிப்பவர்களை மட்டுமே வாசகர் என்கிறார்கள்.

இன்னும் சிலர் ஸ்டைல் பெயரைச் சாவியாக வைத்து குரூப்-பை போடுகிறார்கள். இது அதைவிட மோசம். ஒரு கவிதை விமர்சனத்தை எடுங்கள்: உரை, நாலு வரி மேற்கோள், அதுக்கு மறுப்பு, இன்னொரு நாலு வரி, முடிவு. குரூப்-பை இருக்கும் இடத்தைப் பார்க்காது, சாவியை மட்டுமே பார்க்கும். உரை முழுதும் ஒரு பக்கம், எட்டு வரியும் ஒரு பக்கம். எந்த வரிக்கு எந்த மறுப்பு? ஒரு சொல்லும் தொலையவில்லை, ஆனால் வாதம் செத்துப் போச்சு. பிழைச் செய்தியும் வராது.

இதுக்கெண்டே குரூப்-அட்ஜசன்ட் இருக்கிறது. சாவி மாறாத வரை ஒரு குழு, மாறிய இடத்தில் புதுக்குழு. நடுவில் உரை வந்தால் இரண்டு மேற்கோளும் இரண்டாகவே நிற்கும். ஒரு கவனம்: சாவி வெறுமையாக வரக்கூடாது, வந்தால் பிழை. ஸ்டைல் இல்லாத பந்திகளுக்காக அதை ஸ்ட்ரிங் செயற்கூறுக்குள் போடுங்கள். இரண்டு கவிதைகள் இடைவெளியில்லாமல் ஒட்டி நின்றால் இதுவும் பிரிக்காது. அங்கே தலைப்பைப் பிடித்து குரூப்-ஸ்டார்ட்டிங்-வித் போட வேணும். ஆக, எழுதுவதற்கு முதல் கோப்பை வாசிக்க வேண்டும்.

'எங்கட கருவி 1.0தானே' எண்டு சாட்டுச் சொல்வார்கள். எக்ஸ்எஸ்எல்ரி 1.0 வந்தது 1999இல். குரூப்-அட்ஜசன்ட் உள்ள 2.0 வந்தது 2007இல், 3.0 வந்தது 2017இல். சாக்ஸனின் இலவசப் பதிப்பு இருக்கிறது. 1.0ஐ விட ஏலாதென்றாலும் வழி உண்டு: குழுவின் முதல் பந்தியில் நின்று, அடுத்த உடன்பிறப்பை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, சாவி மாறும் இடத்தில் நிறுத்துங்கள். 1.0 காலத்தில் பேர்பெற்ற மியூன்ச் முறையை இங்கே இழுத்து வராதீர்கள். அதுவும் சாவியைப் பார்க்கும் முறைதான், அயலைப் பார்க்காது.

எழுதியவர் தன் வரிகளை ஒரு ஒழுங்கில் வைத்தார். மாற்றித் தருகிற எங்களுக்கு அந்த ஒழுங்கைக் கலைக்க உரிமை இல்லை. அடுத்த கோப்பை ஒப்படைக்க முதல் மூலத்தையும் வெளியீட்டையும் பக்கத்தில் வைத்து, மேலிருந்து கீழ் வரை ஒருக்கா வாசியுங்கள். அந்த அரை மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.