இரவல் சங்கீதம்

இசைத்தட்டின் ஒலியில் தனியாக ஒரு வெதுவெதுப்பு உண்டென்று உபாசிக்கிறவர்களோடு எனக்கு ஒட்டுறவு இல்லை. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் வெளியிட்ட தட்டுகள் மூல நாடாவிலிருந்து நேரே வெட்டப்பட்டவை என்று இவர்கள் நம்பியிருந்தார்கள். அவற்றில் பல 2011லிருந்தே டிஜிட்டல் பிரதி வழியாக வந்தவை என்பது 2022ல் அம்பலமாயிற்று. அதுவரை இந்த ரசிக சிகாமணிகள் காதில் அது உறைத்ததாகத் தெரியவில்லை.

ஒலியை விடுங்கள். உடைமை என்று ஒன்று இருக்கிறதே. 2022 ஜனவரியில் நீல் யங் தன் பாடல்களை ஸ்பாடிஃபையிலிருந்து விலக்கிக்கொண்டார். தடுப்பூசி பற்றிய பொய்களுக்கு அது இடம் தருகிறது என்பது அவர் புகார், நியாயமான புகார்தான். ஆனால் சந்தா கட்டியவனுக்கு 2024 வரை அங்கே அவர் பாட்டு கிடையாது. தட்டு வைத்திருந்தவன் அவன்பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். லாக்கர் வாடகைக்கும் உள்ளே இருக்கும் நகைக்கும் வித்தியாசம் தெரியாத வாடிக்கையாளரை என் கவுண்டரில் நான் பார்த்ததில்லை. நம் கவிஞர்களைப் பார்க்கிறேன், 10 கோடிப் பாட்டு கைவசம் என்கிறார்கள்.

2024 முதல், 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாடிஃபை காசு தருவதில்லை. 300 பிரதி அச்சிட்டு, அதிலும் பாதியைக் கட்டிவைத்திருக்கும் நமக்கா இது விளங்கவில்லை?